ஓட்டு வாங்காத எம்.பி.

கேள்வி: அந்தமான் நிக்கோபாரின் முதல் எம்.பி. எத்தனை ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்?
— வாசகர், போர்ட் பிளேயர்

பதில்: எதிரில் நின்றவருக்கு டெபாசிட் போனதா என்றுதானே அடுத்துக் கேட்பீர்கள்? எதிரிலும் ஆளில்லை, ஓட்டுப்பெட்டியும் இல்லை! 1952-ல் கார் நிக்கோபார் பிஷப் ஜான் ரிச்சர்ட்சனைக் குடியரசுத் தலைவரே நியமித்து மக்களவைக்கு அனுப்பிவிட்டார். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் அவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். அது நிறைவேறுவதற்குள் ஜப்பானே சரணடைந்துவிட்டது. ஒரு பேரரசு அவரிடம் டெபாசிட் இழந்த பிறகு தனியாக ஒரு தேர்தல் எதற்கு?

ஆனால் ஓட்டுப் போடும் பாக்கியம் தீவு மக்களுக்கு 1967-ல்தான் கிடைத்தது. அப்படி ஜெயித்த முதல் ஆள் கே.ஆர். கணேஷ், பின்னாளில் மத்திய நிதித்துறை இணையமைச்சரானார். ஓட்டுக்குக் கொஞ்சம் வட்டியும் சேர்ந்தது போலிருக்கிறது!