ஊர்காவற்றுறையிலிருந்து மலையேறுவது எப்படி?

கனடா மச்சாள் தன் மனுசனோடும் சடைநாயோடும் ஏதோவொரு மலையுச்சியில் நிற்கும் படம் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டதா? இனித் தப்ப வழியில்லை. "இஞ்சாருங்கோ, அவை நாயையும் எல்லோ கூட்டிக்கொண்டு போயிருக்கினம்" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். "தீவுக்குள்ள மலைக்கு நான் எங்கயப்பா போறது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சிவனொளிபாதமலை 2243 மீற்றர், பிதுருதலாகலை 2524 மீற்றர் என்று உடனே கணக்கு வரும். வீட்டு நாய் ஜிம்மியோடு அவ்வளவு தூரம் பஸ் ஏறுவதைவிட உள்ளூரிலேயே ஒரு மலையைப் பார்த்துக்கொள்வது புத்தி.

தீவகத்தில் தேடிப் பயனில்லை. சுண்ணக்கல்லை உருட்டித் தேய்த்து விரித்த தரை. உயர்ந்து நிற்பவை பனையும் கோபுரமும்தான். பனை ஏற ஜிம்மி சம்மதிக்காது. ஆகவே கீரிமலை. பெயரிலேயே மலை இருக்கிறது, நகுல முனிவரின் கீரிமுகம் மாறிய தீர்த்தம் என்ற கதையும் இருக்கிறது. மலையேற வேறென்ன வேண்டும்?

பண்ணைப் பாலம் சுற்றிப் போகலாம். ஆனால் சாகசம் வேண்டுமென்றால் காரைநகருக்குப் 'பாதை' என்கிற மிதவையில் ஏறுங்கள். மோட்டார் சைக்கிள்களுக்கும் மீன்பெட்டிகளுக்கும் நடுவே நாயை இறுக்கிப் பிடியுங்கள். மீன்பெட்டிப் பக்கம் விடவே கூடாது. நடுக்கடலில் கடற்கோட்டை தெரியும். 1658இல் குடிதண்ணீர் இல்லாமல்போய்ப் போர்த்துக்கேயர் ஒல்லாந்தரிடம் ஒப்படைத்த கோட்டை அது. இதிலிருந்து மலையேறிகள் அறியவேண்டியது: தண்ணீர்ப் போத்தல் இரண்டு கூடவே எடுங்கள்.

சாப்பாட்டுக்குப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் போதும். கீரிமலை கோயிலடி என்பதால் மீனைக் கட்டவேண்டாம். இது ஜிம்மிக்கு விளங்காது. பாணைக் கொடுத்தால் முகத்தைத் திருப்பும், பசித்தால் தின்னும்.

பொன்னாலைப் பாலம் தாண்டி, மாதகலுக்கு அங்காலே எங்காவது இறங்கி நடவுங்கள். முழுத்தூரமும் நடந்தோம் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். ஏற்றம் என்று ஒன்றுமில்லை, எதிர்ப்பு உண்டு. ஒவ்வொரு ஒழுங்கை முகப்பிலும் ஊர்நாய்கள் எல்லை காத்து நிற்கும். ஒரு கோஷ்டி விட்ட இடத்தில் அடுத்த கோஷ்டி தொடங்கும். அந்த நேரத்தில் ஜிம்மி உங்கள் தோளில் இருக்கும். மலையேற்றத்தில் பாரம் சுமப்பது வழக்கம்தானே.

கீரிமலைக் கேணியை அடைந்ததும் மலை எங்கே என்று அங்குள்ளவர்களிடம் கேட்காதீர்கள். உள்நாட்டு மழைநீர் சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள்ளால் ஊர்ந்து வந்து, கடலின் வாசலிலே நல்ல தண்ணீராக எழுகிறது. அதைத்தான் கட்டிக் கேணியாக்கியிருக்கிறார்கள். அதற்குள் போகப் படியால் இறங்கவேண்டும். ஆம், இந்த மலையின் உச்சி கீழே இருக்கிறது.

இனித்தான் உண்மையான இடர். ஆண்களுக்கு ஒரு கேணி, பெண்களுக்கு மறைப்போடு வேறொரு கேணி. ஜிம்மியைப் பிடிப்பது யார்? "நீங்கள் முதல் குளியுங்கோ" என்று மனைவி சொன்னால் நம்பிவிடாதீர்கள். நீங்கள் வெளியே வந்ததும் சங்கிலி உங்கள் கையில்தான், அவ குளித்துத் தலை உலர்த்தி வரும்வரை. நாயைக் கேணிக்குள் இறக்கும் யோசனையும் வேண்டாம். பிதிர்க்கடன் கழிக்க வருபவர்களிடம் 'பைரவர் வாகனம்' என்று வாதாடினால் உங்கள் பெயரிலும் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிடுவார்கள். ஆடி அமாவாசையன்று அந்தப் பக்கமே வராதீர்கள்.

குளித்தபின் படம். போனைத் தரையோடு தாழ்த்தி, கல்மதிலில் ஜிம்மியை ஏற்றி, வானம் மட்டும் தெரியும்படி எடுங்கள். ஒரு சொட்டுக் கடல் தெரிந்தாலும் மச்சாள் கண்டுபிடித்துவிடுவா. எத்தனை மீற்றர் உயரம் என்று கேட்டால் சிக்னல் இல்லை என்று எழுதுங்கள்.

பின்னேரப் பாதை எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் யாழ்ப்பாணம், பண்ணை, வேலணை என்று சுற்றித்தான் வீடு சேரவேண்டும், ஈரநாயை மடியில் வைத்துக்கொண்டு.