லைன் வீட்டில் லினக்ஸ்

விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப் பேர் பங்காருபேட்டை வருவதற்குள் தூங்கிவிடுவார்கள், மீதிப் பேர் போனில் மூழ்கியிருப்பார்கள். அந்தப் போன்களில் பெரும்பாலானவற்றின் அடியில் ஓடுவது, 1991இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் தன் விருப்பத்துக்காக எழுதத் தொடங்கிய லினக்ஸ்தான். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பரிலிருந்து அதில்தான் ஓடுகின்றன. 2021இல் செவ்வாயில் பறந்த குட்டி ஹெலிகாப்டரிலும் அதுவே. செவ்வாய்வரை போய்ச் சேர்ந்துவிட்ட அது, கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃபில், சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லைனுக்கு வந்து சேர எத்தனை பாடுபட்டது என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, அந்தப் பாடுகளின் மேலேயே ஒரு ஏக்கமும் வருகிறது. நீங்களும் அந்தக் காலத்தில் ஒரு கறுப்புத் திரையின் முன் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தவர் என்றால், இனி நான் சொல்வது உங்கள் வீட்டுக் கதையும்தான்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி எங்கள் தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். ஷிப்டுக்கு ஷிப்டு ஊதிய சங்கு நின்றதும் ஊரில் பொழுதே தடுமாறிப்போனது. சோறு வடிக்கவும் பிள்ளைகளை எழுப்பவும் சங்கையே நம்பியிருந்த அம்மாக்கள் சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்க்கப் பழகினார்கள், வேலை போன அப்பாக்கள் சுரங்கக் கழிவு குவிந்த சைனைடு மேட்டின் நிழல் நீள்வதைப் பார்த்துப் பொழுதைக் கணக்கிட்டார்கள். அந்த வருஷத்து மழைக்காலத்தில்தான், பெங்களூரில் வேலை கிடைத்திருந்த என் அண்ணன் எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, பழைய போர்டு, செலரான் சிப், 64 எம்பி ராம், எந்த ஆபீசோ கழித்துப்போட்ட மானிட்டர் என்று சேர்த்து ஒரு கம்ப்யூட்டரைக் கட்டி, மானிட்டரை மடியிலும் சிபியூவைக் காலடியிலும் வைத்துக்கொண்டு ரயிலில் கொண்டுவந்து இறக்கினான். லைன் வீட்டில் மேஜைக்கு ஏது இடம்? நைனாவின் தகர டிரங்குப் பெட்டிமேல் பழைய வேட்டியை மடித்துப் போட்டு அதன்மேல் வைத்தோம்.

விண்டோஸ் வாங்கக் காசில்லை. திருட்டுக் காப்பி கேட்ட இடத்திலெல்லாம் கிடைத்தது. ஆனால் பிசி குவெஸ்ட் பத்திரிகை வருஷத்துக்கு ஒரு முறை லினக்ஸ் சிடியை இதழோடு சேர்த்துக் கொடுத்துவந்த காலம் அது. அந்த இதழ் ஒன்று ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பழைய புத்தகக் கடையில் சிடி கீறாமல் எனக்குக் கிடைத்தது. காசு கொடுக்காமலும் திருடாமலும் யார் வேண்டுமானாலும் திறந்து படித்துத் திருத்தி அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று எழுதியே கொடுத்த ஒன்று உலகத்தில் இருக்கிறதா என்று உரிமம் பற்றிய பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்த பையனை இன்று நினைத்தால் எனக்கு அவன்மேல் பிரியமாகத்தான் இருக்கிறது.

லினக்ஸை அன்று எழுப்பிவிட்டது லைலோ என்ற சின்ன நிரல். ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும் அது தன் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திரையில் எழுதும். எல், ஐ, எல், ஓ நான்கும் வந்துவிட்டால் மற்றது தானாக நடக்கும். எங்களுக்கு எல், ஐ என்று இரண்டு வந்ததும் நின்றுவிட்டது. அணைத்துப் போட்டாலும் அதே இரண்டு. லைனில் இருந்த பிள்ளைகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு கோலி விளையாடப் போய்விட்டார்கள். வாசற்படியில் உட்கார்ந்திருந்த மூன்றாம் வீட்டுத் தாத்தா மட்டும் போகவில்லை.

“இன்னாடா ஆச்சு உன் பொட்டிக்கு?”

“ரெண்டெழுத்து எழுதிட்டு நின்னுடுச்சு தாத்தா.”

“எங்க நின்னுதுன்னு சொல்லுதா?”

“சொல்லுது. ரெண்டாவது படியில.”

“அப்போ நல்ல பொட்டிதான். சொல்லாம நிக்கிறதுதான் ஆளைக் கொல்லும்.”

அவர் அதைச் சும்மா சொல்லவில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. பாறையே சுடும் அந்த ஆழத்தில் கூரைக்கு மரம் முட்டுக் கொடுக்கிற வேலையில் வாழ்நாளைக் கழித்தவர் அவர். வெடி வைத்த இடத்துக்குள் அடுத்த ஷிப்டு நுழையுமுன் கடப்பாரையால் கூரையைத் தட்டிப் பார்ப்பார்களாம். கணீரென்று கேட்டால் பாறை கெட்டி; டொக்கென்று கேட்டால் பிளந்து நிற்கிறது, ஒதுங்கிவிட வேண்டும். மேஸ்திரி தட்டிவிட்டேன் என்று சொன்னாலும் தான் ஒருமுறை தட்டாமல் அதன் அடியில் நின்றதில்லை என்று அவர் சொல்வார். மேஸ்திரிமேல் மரியாதை இல்லாமல் இல்லை. கூரை யார் தலையில் விழப்போகிறதோ அவன் காதுக்கு அது கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, அகப்பட்ட உதவிக் குறிப்புகளை ஃபிளாப்பியில் அடைத்துக் கொண்டுவந்து, இரவில் படித்ததில் விஷயம் பிடிபட்டது. ஹார்ட் டிஸ்க்கின் அளவை பயோஸ் ஒரு கணக்காகவும் லினக்ஸ் இன்னொரு கணக்காகவும் வைத்திருந்தன. ஆகவே லைலோ தன் அடுத்த பகுதியைத் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தது. அமைப்புக் கோப்பில் ‘லீனியர்’ என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்த்ததும் நான்கு எழுத்தும் வந்தன. மோடம் மட்டும் அசையவில்லை. அது பாதி வேலையை விண்டோஸின் தலையில் கட்டிவிடுகிற மலிவு ரகம், அதற்கு அன்று எங்களால் மருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

தாத்தா பௌத்தர். கோலார் தங்கவயலில் அது வியப்பில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் தென்னிந்திய பௌத்த சங்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிக்குப்பத்தில் கிளை விட்டுவிட்டது; 1907இல் சென்னை ராயப்பேட்டையில் அவர் தொடங்கிய பத்திரிகைக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயர்; 1914இல் அவர் மறைந்த பிறகு, 1920களில் அதைத் திரும்ப எடுத்து எங்கள் ஊரிலிருந்து நடத்தியவர் அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களை இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டது. கேஜ் என்ற சுரங்க லிஃப்டில் இறங்கிக் கல்லுடைத்தவர்கள் மேலே வந்து தத்துவம் படித்தார்கள், விவாதித்தார்கள், தங்கள் கூலியிலிருந்து அச்சுக்குப் பணம் கொடுத்தார்கள். ஒரு பைசா என்பது விலையில்லை, யாரையும் வாசலில் நிறுத்தாமல் இருப்பதற்கான ஏற்பாடு என்று தாத்தா சொன்னபோது, என் சிடியின் உரிமத்தை விளக்க எனக்கு வேறு வார்த்தை தேவைப்படவில்லை.

கேசபுத்தத்துக் காலாமர்கள் புத்தரிடம் கேட்ட கேள்வியை அவர்தான் எனக்குச் சொன்னார். வருகிற ஆசான்கள் எல்லாரும் தன் சொல்லே மெய் என்கிறார்கள், நாங்கள் யாரை நம்புவது என்று அவர்கள் கேட்டார்கள். பரம்பரையாக வந்தது என்றோ, நூலில் இருக்கிறது என்றோ, சொன்னவர் நம் குரு என்றோ ஏற்காதீர்கள், நடந்து பார்த்து, நல்லது விளைகிறது என்று நீங்களே கண்டால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்பது புத்தரின் பதிலின் சாரம். சுரங்கத்தில் கடப்பாரையோடு நின்றவருக்கு இது உபதேசமாகக் கேட்டிருக்காது, தொழில் விதியாகவே கேட்டிருக்கும். மூல நிரலைத் திறந்து வைத்திருப்பதற்கு இதைவிடப் பழைய நியாயம் எனக்குக் கிடைக்கவில்லை. நான் அதில் பத்து வரிகூடப் புரிந்து படித்திருக்க மாட்டேன். ஆனால் யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கக் கூரை எட்டும் உயரத்தில் இருந்தது.

அந்த சிடியில் ‘ஃபார்ச்சூன்’ என்று ஒரு சின்ன நிரல் இருந்தது. உள்ளே நுழையும்போதெல்லாம் ஏதாவது ஒரு பொன்மொழியையோ வேடிக்கையையோ எடுத்து நீட்டும். சாயங்காலம் டீ டம்ளரோடு வந்து உட்கார்ந்து, “இன்னிக்கு இன்னா சொல்லுது?” என்பார் தாத்தா. நான் தமிழில் சொல்வேன். சிலவற்றுக்குத் தலையாட்டுவார், சிலவற்றுக்கு, “இது வயிறு நெறஞ்சவன் சொன்னது” என்று தள்ளிவிடுவார். அந்தத் தள்ளுபடிகளில்தான் நான் அதிகம் கற்றேன். பிறகு அவரே கேட்காமல் ஒன்று சொல்வார்: கோபத்தோடு கேஜில் ஏறாதே, ஏறினால் உன்னோடு இறங்குகிற எல்லாருக்கும் ஆபத்து, தெரியாததைத் தெரியும் என்று சொல்கிறவன் பக்கத்தில் வேலைக்கு நிற்காதே. இன்று காலையில் போனைத் திறந்தால் பூங்கொத்துப் படத்தோடு இருபது பொன்மொழி வந்து விழுகிறது. எதையும் தள்ளிவிடச் சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் ஆள் இல்லை.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் ஊர்க் கதை முடியாது. 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரியின் அருவியிலிருந்து மின்சாரம் எடுத்து, ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து முதலில் கொண்டுவந்தது எங்கள் தங்கவயலுக்குத்தான். பெங்களூர்த் தெருவில் விளக்கு எரிந்தது 1905இல். அந்தப் பெருமையோடு வளர்ந்த எங்களுக்கு, நூறு வருஷம் கழித்து லினக்ஸ் போட்ட நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் கரன்ட் போய்க்கொண்டிருந்தது. அன்றைய கோப்பு அமைப்பு, திடீரென்று அணைந்தால் அடுத்த முறை வட்டு முழுவதையும் ஓரம்விடாமல் சோதித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். பலகாரம் சாப்பிட்டு, பேசி, தெருமுனைவரை நடந்துவிட்டு வரலாம், சதவீதம் அப்போதும் ஏறிக்கொண்டிருக்கும். 2001 கடைசியில் வந்த ரெட் ஹாட் லினக்ஸ் 7.2இல் இஎக்ஸ்டி3 என்ற புதிய கோப்பு அமைப்பு வந்தது. செய்யப்போவதை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டு அப்புறம் செய்யும். நடுவில் கரன்ட் போனால் குறிப்பேட்டைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து சரிசெய்துகொள்ளும். நல்ல முன்னேற்றம், சந்தேகமில்லை. அந்தச் சாயங்கால நடை போய்விட்டது, அதிலும் சந்தேகமில்லை.

2001 முதல் 2004 வரை பெங்களூரில் நடந்த லினக்ஸ் மாநாடுகளில் ஒன்றுக்கு, இந்திய அறிவியல் கழகத்தின் டாடா அரங்குக்குப் போனேன். அன்று வந்திருந்தவர்கள் கேள்வி கேட்டவனிடம் எந்தக் கல்லூரி என்று கேட்கவில்லை, எந்தப் பிழைச் செய்தி என்று கேட்டார்கள். பிறகு உபுண்டு என்ற லினக்ஸ் வகை வந்தது. முகவரி கொடுத்தால் தபால் செலவும் வாங்காமல் வெளிநாட்டிலிருந்து சிடிகளை அனுப்புவார்கள், 2011 வரை அனுப்பினார்கள். தபால்காரர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “ஒன்னும் கட்ட வேண்டியதில்லையாமே?” என்று எங்களைவிட அதிகம் ஆச்சரியப்பட்டார். ஒரு சிடி அவர் மகனுக்குப் போயிற்று. கனடாவிலும் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் இருந்த தன்னார்வலர்கள் லினக்ஸின் திரை முகப்பான கேடிஈயைச் சம்பளமில்லாமல் தமிழாக்கியிருந்தார்கள். பட்டியல்கள் தமிழில் விரிந்த அன்று தாத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். கன்னட மண்ணில் மூன்று தலைமுறையாகத் தமிழ் படித்த குடும்பம் அது.

இப்போது ஒரு பென் டிரைவைச் செருகினால் இருபது நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. வைஃபை தானே பிடித்துக்கொள்கிறது, பிரிண்டர் தானே வந்து நிற்கிறது. இதற்காக உழைத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ராத்திரி முழுக்க விழித்திருக்க முடிந்தவர்களுக்கு மட்டும் என்றிருந்தது எல்லார் கைக்கும் வந்திருக்கிறது. ஆனால் எழும்பும்போது திரையில் ஓடிய அந்த வெள்ளை எழுத்துகளை ஒரு அழகான சின்னத்தின் பின்னால் மறைத்துவிட்டார்கள். நின்றால் எங்கே நின்றது என்று சொல்வதில்லை, சின்னம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

போன மாதம் தாத்தாவின் கொள்ளுப்பேத்தி தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். உபுண்டுதான், ஆனால் திறக்க இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகிறது, கடையில் புதிது வாங்கச் சொல்கிறார்கள் என்றாள். லைலோவின் இடத்துக்கு வந்த கிரப்பின் கோப்பைத் திறந்து, எழுத்துகளை மறைக்கும் ‘கொயட்’, ‘ஸ்பிளாஷ்’ என்ற இரண்டு சொற்களை அவளையே நீக்கிப் புதுப்பிக்கச் சொன்னேன். அடுத்த முறை எழுத்துகள் கடகடவென்று ஓடி ஒரே வரியில் நின்றன: ஏதோ ஒரு வட்டுக்காகக் காத்திருக்கிறேன், அதிகபட்சம் ஒன்றரை நிமிஷம். யாரோ முன்பு நீக்கிவிட்ட ஸ்வாப் என்ற வட்டுப் பகுதியின் பெயர், வட்டுப் பகுதிகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் மட்டும் மிச்சமிருந்தது. இல்லாத ஒன்றை அந்த லேப்டாப் தினமும் காத்திருந்து தேடிக்கொண்டிருந்தது. அந்த வரியின் முன்னால் அவள் ஒரு சின்னக் குறியைப் போட்டாள். மறுபடி போட்டதும் அரை நிமிஷத்தில் திறந்துவிட்டது.

“இது ஏன் மாமா சரியா ஒன்றரை நிமிஷம்? யார் வெச்ச கணக்கு?” என்றாள். அந்தக் கணக்கை வைத்திருக்கும், லினக்ஸ் எழும்பும் வேலைகளை நடத்துகிற சிஸ்டம்டியின் மூல நிரல் திறந்தேதான் கிடக்கிறது என்று சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தேட ஆரம்பித்தாள்.