ஆய்வு மாணவர் வழக்கில் சுருக்கக் குறியீடுகள் – ஓர் ஆய்வு

தமிழ் ஆய்வேடு எதை எடுத்தாலும் நன்றியுரை, பொருளடக்கம் தாண்டியதும் ‘சுருக்கக் குறியீட்டு விளக்கம்’ என்றொரு பக்கம் வரும். புறம். என்றால் புறநானூறு, குறுந். என்றால் குறுந்தொகை, நச். என்றால் நச்சினார்க்கினியர் உரை என்று அது சொல்லும். அந்த ஆய்வேட்டைப் படிக்கப்போகும் நெறியாளருக்கும் புறத்தேர்வாளருக்கும் இவையெல்லாம் முன்பே தெரியும். வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாதவை வேறு. ஜே.ஆர்.எஃப்., எஸ்.ஆர்.எஃப்., டி.சி., ஆர்.ஏ.சி. ஆகியவற்றின் தயவில்தான் அந்த ஆய்வேடே உருவானது. அவற்றுக்கு எந்த ஆய்வேட்டிலும் விளக்கம் கிடையாது. இந்தப் பெருங்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ‘இப்பொருளில் இதுவரை எவரும் ஆய்வு நிகழ்த்தவில்லை’ என்று முன்னுரையில் எழுதுவது மரபு. எவரும் தேடிப் பார்க்கவில்லை என்பது அதன் உட்பொருள். மரபைக் காப்பாற்றும் பொருட்டு நானும் தேடவில்லை.

ஆய்வு எல்லை: தமிழகப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள், அவற்றை ஒட்டிய விடுதிகள், தேநீர்க் கடைகள், உதவித்தொகைப் பிரிவின் வராந்தா. கருதுகோள்: ஒரு குறியீட்டில் எழுத்து குறையக் குறைய, அதற்கான காத்திருப்பு கூடும்.

முதலில் திணைப் பாகுபாடு. பணம் தரும் குறியீடுகள் உயர்திணை. பணம் கேட்பவை அஃறிணை. உயர்திணைக்குத் தலைவாசல் நெட், அதாவது தேசியத் தகுதித் தேர்வு. 1989-இல் தொடங்கிய இத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடைபெறும். 2024 முதல் இதில் தேறியவர் மூவகைப்படுவர். ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகையுடன் உதவிப் பேராசிரியர் தகுதியும் பெறுவோர் ஒருவகை, அந்த உதவித்தொகை இன்றி உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. சேர்க்கைத் தகுதியும் பெறுவோர் இன்னொரு வகை, பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் உரியோர் மூன்றாம் வகை. எந்த வகையிலும் சேராத ஒரு கூட்டமும் உண்டு. 2024 ஜூன் 18 அன்று தேர்வு எழுதி, தேர்வே ரத்தானதை மறுநாள் செய்தியில் பார்த்தவர்கள் அவர்கள்.

ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து அது எஸ்.ஆர்.எஃப். என்னும் முதுநிலை உதவித்தொகையானால் 42,000. இவை 2023 ஜனவரி முதல் நடப்பிலிருக்கும் தொகைகள். ‘மாதம்’ என்பது கணக்கிடும் முறையைக் குறிக்குமே தவிர, பணம் வந்து சேரும் முறையைக் குறிக்காது. இந்த நுட்பம் பிடிபடாத புது மாணவர் முதல் மாதமே தவணையில் பைக் எடுத்துவிடுவார். உயர்திணைக்குள் வராதவர்கள் இரு பிரிவினர். ஃபுல் டைம் ஸ்காலர் என்பவர் முழுநேரமும் வேலை தேடுகிறவர். பார்ட் டைம் ஸ்காலர் என்பவர் முழுநேரமும் வேலை பார்க்கிறவர்.

அடுத்து, பல பொருள் ஒரு சொல். இங்கே சற்று நின்றுதான் போக வேண்டும். பள்ளிக்கூடத்தில் டி.சி. என்றால் மாற்றுச் சான்றிதழ். ‘உனக்கு டி.சி. கொடுத்துடுவேன்’ என்ற மிரட்டலைக் கேட்காமல் எட்டாம் வகுப்பைக் கடந்தவர்கள் நம்மிடையே குறைவு. ஆய்வில் டி.சி. என்றால் டாக்டரல் கமிட்டி. மகன் தொலைபேசியில் ‘நாளைக்கு எனக்கு டி.சி.டா, ராத்திரி பூரா தூக்கம் இல்ல’ என்று நண்பனிடம் சொல்வதைக் கேட்டு, ‘என்னடா பண்ணித் தொலச்ச?’ என்று கலங்கும் அம்மாக்கள் இன்றும் உண்டு. அவர்கள் கலக்கத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

இதே டி.சி.க்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள் வைத்திருக்கும் பெயர் ஆய்வு ஆலோசனைக் குழு, அதாவது ஆர்.ஏ.சி. 2022 விதிமுறைகளின்படி மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் அதன் முன் தோன்றி முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். ரயிலிலும் ஓர் ஆர்.ஏ.சி. இருக்கிறது. பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையில் இருவர் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, டி.டி.இ. வரும் திசையைப் பார்த்தபடி விடிய விடியப் போகும் ஏற்பாடு அது. இவ்விரண்டையும் வேறு வேறு சொற்களாகக் கொள்வாரும் உளர். ஏறியாகிவிட்டது, இடம் உறுதியில்லை, இறங்கவும் மனமில்லை என்னும் மூன்று இலக்கணங்களும் இரண்டுக்கும் பொருந்துவதால் ஒரே சொல் என்பதே என் துணிபு.

வழக்கொழிந்த சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எம்.ஃபில். 2022 விதிமுறைகளோடு விடைபெற்றது. ஊர்களில் வாசல் பெயர்ப்பலகைகளில் மட்டும் இன்னும் வாழ்கிறது. கட்டுரை வெளியிடத் தகுந்த இதழ்களின் பட்டியலாக இருந்த ‘கேர் லிஸ்ட்’ 2025-இல் கைவிடப்பட்டது. அதில் இடம்பிடித்த இதழில் கட்டுரை வர ஒன்றரை ஆண்டு காத்திருந்தவர்களைப் பார்த்தால் பட்டியலைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம்.

இனி ‘மேலது’. அடிக்குறிப்பில் ஒரு நூலைச் சொன்னபின் அடுத்த குறிப்பும் அதே நூலென்றால் ‘மேலது, ப. 45’ என்று போடுவோம். நூல் பெயரைத் திரும்பத் திரும்ப அடிக்கும் வேலை மிச்சம். ஆபத்தும் அங்கேதான் குடியிருக்கிறது. நெறியாளர் மூன்றாம் இயலைப் படித்துவிட்டு, ‘இந்த இடத்துல சிலப்பதிகாரம் பத்தியும் ஒரு பத்தி சேர்த்துடும்மா’ என்பார். சேர்த்ததும் நடுவில் புது அடிக்குறிப்பு ஒன்று முளைக்கும். அந்த நொடி முதல் கீழே வரிசையாக நிற்கும் மேலதுகள் எல்லாம் கட்சி மாறிவிடும். புறநானூற்றுப் பாட்டெல்லாம் இளங்கோவடிகள் கணக்கில் ஏறும். எழுதியவருக்குத் தெரியாது, நெறியாளருக்குத் தெரியாது. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ‘இந்த மேலது எதும்மா?’ என்று கேட்கும்போது அவையே குனிந்து தரையைப் பார்க்கும். தமிழ் ஆய்வுலகில் இடைச்செருகல் பழங்காலத்தோடு முடிந்துவிட்டது என்று நம்புவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

களவைக் கண்டறியும் குறியீடு 10 விழுக்காடு. 2018 விதிமுறைகளின்படி அதுவரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. 60-ஐத் தாண்டினால் பதிவே போய்விடும். தமிழுக்கு இதில் ஒரு காலம் தனிச்சலுகை இருந்தது. யூனிகோடு வருமுன் புழங்கிய பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த ஆய்வேடு, கணினியின் கண்ணுக்கு வெறும் ஆங்கில எழுத்துகளின் கந்தர்கோலம். அதில் எது யாருடையது என்று எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது. படித்த மனிதர்களால்தான் முடிந்தது. அவர்களும் பெரும்பாலும் சொல்லவில்லை.

காலம் பற்றி ஓர் இயல் இன்றி இலக்கண ஆய்வு நிறைவுறாது. பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டு, மிஞ்சினால் ஆறு, மறுபதிவு செய்தால் எட்டு என்பது விதி. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மேலும் இரண்டு ஆண்டு உண்டு. இத்தனை ஆண்டுகளையும் ‘சப்மிட் பண்ணப்போறேன்’ என்ற ஒரே தொடர் தாங்கி நிற்கிறது. வடிவத்தில் எதிர்காலம், போன வருடமும் சொன்னது, இன்றும் சொல்வது, வரும் பொங்கலுக்கும் சொல்லப்போவது. முக்காலத்துக்கும் பொருந்தும் இயற்கைக்கு உரையாசிரியர்கள் மலை நிற்பதையும் ஆறு ஓடுவதையும் எடுத்துக்காட்டுவார்கள். அவர்கள் ஊரில் ஓர் ஆய்வு மாணவர் இருந்திருந்தால் மலைவரை போயிருக்க மாட்டார்கள்.

கருதுகோளைச் சோதிக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம். சினாப்சிஸ் என்பது நீண்ட சொல். எழுத ஒரு வாரம் போதும். எஸ்.ஆர்.எஃப். என்பது மூன்றெழுத்து, அதற்கான உயர்வு கணக்கில் ஏறப் பருவங்கள் மாறும். ஓ.கே. இரண்டே எழுத்து, ஓர் இயலுக்கு அதை நெறியாளர் வாயிலிருந்து வரவழைக்க மழைக்காலம் ஒன்று போய்விடும். இவற்றிலும் குறுகியது கையெழுத்து. எந்த எழுத்தும் தெரியாத ஒரு கோடு அது. அதற்காகத்தான் மாணவர்கள் கருத்தரங்கு நடக்கும் ஊருக்கெல்லாம் கோப்பைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது.

விதிவிலக்கு ஒன்றே: வைவா என்னும் வாய்மொழித் தேர்வு. தேதி குறித்தாகிவிட்டால் எல்லாம் வேகமெடுக்கும். அழைப்பிதழ் அச்சாகும், சால்வைகள் வாங்கப்படும், மதியத்துக்குச் சைவம் எத்தனை, பிரியாணி எத்தனை என்று கணக்கெடுக்கப்படும். தேர்வு என்று பெயர் கொண்ட ஒன்றில் தேர்வெழுதுபவரே பந்தி விசாரிப்பதை வேறெங்கும் நான் கண்டதில்லை. ஆய்வேடோ காந்திநகரில் இருக்கும் இன்ஃபிலிப்நெட்டின் ஷோத்கங்கா என்னும் ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏற்றப்பட்டு, அடுத்த மாணவர் ‘எவரும் ஆய்வு நிகழ்த்தவில்லை’ என்று எழுதுவதற்காகக் காத்திருக்கும்.

மேலாய்வுக்கான பரிந்துரைகளோடு முடிப்பது முறை. எனக்கு இருப்பது பரிந்துரை அல்ல, ஒரு விண்ணப்பம். கல்யாண வீட்டில் ஆய்வு மாணவர் யாரையாவது பார்த்தால் ‘எப்பப்பா முடிக்கிற?’ என்று கேட்காதீர்கள். ‘ஸ்டைபண்டு வந்துச்சா?’ என்றும் வேண்டாம். ‘சாப்பிட்டியா?’ என்று கேளுங்கள். அதற்கு மட்டும் அவரிடம் உறுதியான பதில் இருக்கும்.