கொப்பரை ஏறாது, கப்பு ஏறும்

பள்ளி விடுமுறை நெருங்கினால் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பெட்டி, பை விற்கும் கடைகளில் கூட்டம் நெரியும். இங்கிருந்து கொழும்பு, மாலே, சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா நகரங்கள் என்று நேராகவே பறக்க முடிவதால், வெளிநாட்டுச் சுற்றுலா இப்போது நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டுகிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், ராஜா கேசவதாஸ் திருவிதாங்கூர் திவானாக இருந்த காலத்தில் உருவான தெரு சாலை. பயணத்துக்கு வேண்டிய பாதிச் சாமானை இங்கேயே வாங்கிவிடலாம். “என்னவெல்லாம் எடுத்துக்கொள்ள?” என்று எழுதிக் கேட்ட வாசகர்களில் பாதிக்கு மேல் பெண்கள். வீட்டில் பெட்டி கட்டுவது யார் என்று அதிலேயே தெரிகிறது. அவர்கள் வேலையைக் குறைக்கிற சாமானுக்குத்தான் இந்தப் பதில்களில் முதலிடம்.

● அண்ணாச்சி, முதன்முறையாக மாமனார், மாமியார், பிள்ளைகளோடு சிங்கப்பூர் போகிறோம். யாரும் சொல்லாத, ஆனால் கட்டாயம் வேண்டிய சாமான் எது?
(வாசகி, கரமனை)

கப்பு. வெளிநாட்டுக் கழிப்பறைகள் பலவற்றில் காகிதம் மட்டும்தான் இருக்கும். தண்ணீர் இல்லாமல் பழகாத வயதானவர்களும் குழந்தைகளும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அடக்கிக்கொண்டு அவதிப்படுவார்கள். அறைக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் கப்பு போதும். அதற்குள்ளேயே சோப்பு, பிரஷ், பேஸ்டைப் போட்டுவிட்டால் இடமும் அடைக்காது. வெளியே சுற்றும்போது பைக்குள் அரை லிட்டர் பாட்டில் ஒன்று இருக்கட்டும். மூடியில் நான்கு துளை போட்டு அமுக்கினால் தண்ணீர் பீச்சும். காலி பாட்டிலை விமான நிலையச் சோதனையில் யாரும் தடுப்பதில்லை.

● துபாயில் தம்பி வீடு. சாலையில் மசாலாச் சாமான் எல்லாம் வாங்கிவிட்டேன். பட்டை, கிராம்பு, ஏலம், கசகசா. இன்னும் ஏதாவது?
(வாசகி, ஆரியசாலை)

சேர்க்க ஒன்றும் இல்லை, எடுக்கத்தான் ஒன்று இருக்கிறது. கசகசாவை இன்றே வெளியே எடுத்து வையுங்கள். அபினிச் செடியின் விதை அது. ஐக்கிய அரபு அமீரகத்தில் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. சமையலுக்கு என்று சொல்லித் தப்ப முடியாது. வழக்கு, சிறை வரை போகும். கசகசா அரைத்துச் சேர்த்த குருமாப் பொடியும் வேண்டாம். தம்பி வீட்டுக் குருமாவுக்கு முந்திரி போதும்.

● கொப்பரை, கற்பூரம் இரண்டையும் பெட்டியில் வைக்கலாமா? கோலாலம்பூரில் கோயிலுக்குப் போவோம்.
(வாசகர், வலியசாலை)

இரண்டும் ஏறாது. கொப்பரையில் எண்ணெய் அதிகம். காற்றோட்டம் இல்லாத இடத்தில் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்று விமானச் சரக்கு விதிகள் அதைத் தனி வகையில் வைத்திருக்கின்றன. கற்பூரம் எரியும் திடப்பொருள். தீப்பெட்டியையும் இந்தப் பட்டியலோடு வீட்டில் விட்டுவிடுங்கள். கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் போனால் பூஜைச் சாமான் எல்லாம் கிடைக்கும்.

● விமானம் ஏறும்போது பிள்ளைக்குக் காது அடைக்கும். சூயிங் கம் கொடுக்கலாமா?
(வாசகி, மணக்காடு)

சிங்கப்பூருக்கு வேண்டாம், 1992 முதல் அங்கே சூயிங் கம் இறக்குமதிக்குத் தடை. எச்சில் விழுங்கினால் காது திறக்கும், அவ்வளவுதான் விஷயம். நம் ஊர் நாரங்கா மிட்டாய் அதற்குப் போதும். நான்கு வயதுக்குக் கீழே என்றால் மிட்டாயும் வேண்டாம், தொண்டையில் சிக்கும்; தண்ணீர் கொடுங்கள்.

● ஓட்டலில் துண்டு தருவார்களே, நாமும் சுமக்க வேண்டுமா?
(வாசகர், நாகர்கோவில்)

டர்க்கி டவல் வேண்டாம், தோர்த்து என்னும் மெல்லிய துண்டு வேண்டும். ஆளுக்கு ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய சாலியர்கள் தறி போட்ட பாலராமபுரம் இங்கிருந்து பக்கம்தான். கைத்தறித் தோர்த்து சாலையிலேயே கிடைக்கும். இழை இடைவெளிவிட்டு நெய்த துணி என்பதால், இரவு நனைத்துப் போட்டால் காலையில் காய்ந்திருக்கும். கடற்கரையில் விரிக்கலாம். ஏசி பஸ்ஸில் குழந்தைக்குப் போர்த்தலாம். வெயிலில் தலையில் போடலாம். திரும்பும்போது உடையும் சாமானைச் சுற்றி வைக்கலாம். மடித்தால் ஒரு கைக்குட்டைக்குக் கொஞ்சம் கூடுதலான இடம். இத்தனை வேலை செய்யும் வேறு துணியைக் காட்டுங்கள் பார்ப்போம்.

● பத்து நாள் பயணம், ஐந்து பேர். ஐம்பது செட் துணியா?
(வாசகி, தைக்காடு)

ஆளுக்கு நான்கு செட் எடுங்கள். கூடவே கயிறு எடுங்கள். சாலையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் மெல்லிய நைலான் கயிறு ஆறு மீட்டர் வாங்குங்கள். அதை இரண்டாக மடித்து, இரண்டு இழையையும் ஒன்றோடொன்று முறுக்கி, குளியலறையில் இறுக்கிக் கட்டுங்கள். துணியின் முனையை முறுக்குக்குள் செருகினால் கவ்விக்கொள்ளும், கிளிப்பே வேண்டாம். துணி சோப்பு ஒரு துண்டு. ஜீன்ஸை ஒன்றோடு நிறுத்துங்கள், அது காயாது. இன்னொன்று: துவைப்பது அவரவர் வேலை என்று கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கயிறு உங்கள் கையைத்தான் கட்டும்.

● பிளக் எல்லா நாட்டிலும் ஒன்றுதானே?
(வாசகர், பாளையம்)

இல்லை. சிங்கப்பூர், மலேசியா, அமீரகம், பிரிட்டன் நான்கிலும் மூன்று தட்டைப் பின். ஐரோப்பாவில் இரண்டு உருண்டைப் பின். ஆஸ்திரேலியாவில் சாய்ந்த தட்டைப் பின். ஜப்பானில் நேரான இரண்டு தட்டைப் பின். இலங்கையில் நம் உருண்டைப் பின்னும் மூன்று தட்டைப் பின்னும் கலந்திருக்கும். ஆளுக்கொரு அடாப்டர் வாங்கிச் செலவு செய்யாதீர்கள். நல்ல அடாப்டர் ஒன்று, நம் வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று. சுவரில் அடாப்டர், அதில் பாக்ஸ், பாக்ஸில் குடும்பத்தின் போன் எல்லாம். போன் சார்ஜருக்கு மட்டும்தான் இது. கெட்டில், அயர்ன் பாக்ஸை அதில் செருகக் கூடாது. சார்ஜரின் முதுகில் 100-240 வோல்ட் என்று இருந்தால் எந்த நாட்டிலும் ஓடும். நம் 230 வோல்ட் கெட்டில் ஜப்பானின் 100 வோல்ட்டில் தண்ணீரைச் சூடாக்கத் திணறும்.

● பவர் பேங்க் பெரிதாக இருந்தால் பிடுங்கிக்கொள்வார்களா?
(வாசகர், களியக்காவிளை)

100 வாட்-மணி வரை கேள்வி இல்லை. 20,000 எம்.ஏ.எச். என்றால், 20 ஆம்பியர்-மணியை 3.7 வோல்ட்டால் பெருக்குங்கள்: 74. தாராளமாகப் போகலாம். ஆனால் கைப்பையில் மட்டும். சரக்குப் பெட்டிக்குள் வைத்தால் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அச்சிட்ட எண் தேய்ந்துபோன பவர் பேங்கை எடுக்காதீர்கள், அளவு தெரியாததை மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. பறக்கும்போது அதில் சார்ஜ் செய்யவும் சில விமான நிறுவனங்கள் விடுவதில்லை.

● சிட்னியில் மகள் குடும்பம். கறிவேப்பிலை, பால்கோவா, பேரனுக்குப் பல்லாங்குழி, மஞ்சாடி எடுத்துப் போகிறேன். சரியா?
(வாசகி, கரமனை)

அம்மா, உங்கள் அன்பு அத்தனையும் அந்த நாட்டு உயிரிப் பாதுகாப்பு விதியில் மாட்டும். பச்சை இலை, விதை, பால் பண்டம் மூன்றிலும் ஆஸ்திரேலியா கடுமையான நாடு. மஞ்சாடியும் அவர்களுக்கு விதைதான். பல்லாங்குழியும் மரச்சாமான் என்பதால் பயணி அட்டையில் அதைக் குறிப்பிட வேண்டும். குறிப்பிட்டுவிட்டால், ஆகாத பொருளை எடுத்து வைத்துக்கொண்டு உங்களை அனுப்பிவிடுவார்கள், மறைத்தால்தான் அபராதம். கறிவேப்பிலையை இங்கேயே விடுங்கள். அமெரிக்காவுக்கும் அது ஆகாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அந்த இலையோடு வந்துவிடும் என்று தடுக்கிறார்கள். மஞ்சாடிக்குப் பதிலாகச் சாலையில் கண்ணாடி மணி, பிளாஸ்டிக் மணி வாங்குங்கள். ஆட்டம் அதேதான்; பேரனுக்குச் சொல்லிக் கொடுக்கப் பாட்டி வேண்டும், அது பெட்டியில் போகாத சாமான்.

● அப்பாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம். மாத்திரைகளை நாள்வாரி டப்பாவில் பிரித்துப் போட்டுவிட்டேன்.
(வாசகி, மணக்காடு)

டப்பா இருக்கட்டும், கூடவே அட்டையும் இருக்கட்டும். பெயர் அச்சிட்ட அட்டை இல்லாத மாத்திரை, சுங்க அதிகாரிக்கு வெறும் வெள்ளை வில்லை. மருத்துவர் சீட்டில் பிராண்டு பெயரோடு மருந்தின் பெயரையும் எழுதி வாங்குங்கள். நம் ஊர் பிராண்டு அங்கே யாருக்கும் தெரியாது. இன்சுலின் கைப்பையில்தான் வர வேண்டும். விமானத்தின் சரக்கு அறையில் குளிர்ந்து உறைந்தால் அது வீண். கோடீன் சேர்ந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரை இருந்தால், அமீரகம், சிங்கப்பூர் போகும் முன் அனுமதி வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் சில சேருங்கள். வயிற்றுப்போக்கில் முதல் உதவி அதுதான். உறையில் எழுதிய அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும்; கிள்ளிப் போடக் கூடாது.

● ரைஸ் குக்கர்?
(வாசகர், பாலராமபுரம்)

ஓட்டல் அறையில் சமைக்கப் பொதுவாக அனுமதி இல்லை. புகை உணரும் கருவி அலறும். அவல் எடுங்கள். கெட்டிலில் சுடுநீர், டப்பாவில் அவல், ஐந்து நிமிடம் மூடி வைத்தால் பருப்புப் பொடிக்கும் சரி, சர்க்கரைக்கும் சரி. நேந்திரங்காய்ச் சிப்ஸ் பசி தாங்கும். மதியம் சோறு வேண்டுமா, சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுக்குப் போங்கள், இலை போட்டுப் பரிமாறும் கடை உண்டு. விடுமுறைக்குப் போன இடத்தில் அம்மா அடுப்பு மூட்ட வேண்டாம்.

● தேங்காயெண்ணெய் இல்லாமல் குளிக்க முடியாது. எப்படி எடுத்துப் போவது?
(வாசகர், ஆரியசாலை)

24 டிகிரிக்குக் கீழே தேங்காயெண்ணெய் உறையும். குளிர்நாட்டில் குறுகிய வாய்ப் பாட்டிலில் அது கல்லாக உட்கார்ந்துவிடும். அகல வாய் டப்பாவில் ஊற்றி, மூடிக்குக் கீழே ஒரு பாலிதீன் துண்டு வைத்துத் திருகி, உறைக்குள் போட்டுச் சரக்குப் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் என்றால் 100 மில்லிக்கு மேல் கூடாது. உறைந்திருந்தாலும் எண்ணெய் எண்ணெய்தான்.

● பினாங்கில் கல்யாணம், அப்படியே சுற்றுலா. நகை எடுத்துப் போகலாமா?
(வாசகி, நாகர்கோவில்)

போகும்போது விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்குங்கள். அது இல்லாவிட்டால், திரும்பும்போது நம் பழைய நகை நம்முடையதுதான் என்று நாமே நிரூபிக்க வேண்டிவரும். இதற்காக ஒரு மணி நேரம் முன்னதாகவே போங்கள்.

● பெட்டி வராமல் போனால்?
(வாசகர், தைக்காடு)

மூன்று வேலை. மூடும் முன், திறந்த பெட்டியைப் போனில் படம் எடுங்கள். என்ன இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி இல்லை. ஒருவர் துணி முழுவதையும் ஒரே பெட்டியில் வைக்காமல், ஒவ்வொருவரின் ஒரு செட்டை இன்னொருவர் பெட்டியில் மாற்றி வையுங்கள். பெட்டி வராவிட்டால், விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன் விமான நிறுவனத்திடம் எழுத்தில் புகார் பதிந்து எண் வாங்குங்கள். மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதத்துக்கு 7 நாளுக்குள், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும்.

● பங்குனியில் கிளம்புகிறோம். நல்ல நாள் பார்த்தாகிவிட்டது.
(வாசகி, வலியசாலை)

ஆறாட்டு நாளும் பார்த்தீர்களா? பங்குனி, ஐப்பசித் திருவிழாக்களில் பத்மநாபசுவாமி ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்கு ஓடுபாதை வழியாகவே போகும். அதற்காக நம் விமான நிலையம் சில மணி நேரம் மூடப்படும். விமான நேரம் மாறியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாசியில் ஆற்றுகால் பொங்கல் நாளானால் அடுப்புகள் சாலைகளை நிறைத்திருக்கும். அன்று வெகு சீக்கிரமே கிளம்புங்கள்.

● விமானத்தில் படிக்க ஒரு புத்தகம்?
(வாசகர், பாளையம்)

ஆ. மாதவனின் ‘கிருஷ்ணப் பருந்து’. இந்தச் சாலைத் தெருவிலேயே கடை நடத்திக்கொண்டு, இந்தத் தெருவின் மனிதர்களையே எழுதியவர். 1934இல் பிறந்து 2021இல் மறைந்தார். ‘இலக்கியச் சுவடுகள்’ நூலுக்காக 2015இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். நம் தெருவைத் தூரத்திலிருந்து படிக்கும்போது இன்னும் தெளிவாகத் தெரியும்.

● எல்லாம் சரி. ஒரு சாமானை எடுப்பதா, விடுவதா என்று முடிவு செய்ய ஒரே ஒரு வழி சொல்லுங்கள்.
(வாசகி, கரமனை)

மூன்று கேள்வி கேளுங்கள். விமானம் ஏற்றுமா? அந்த நாடு உள்ளே விடுமா? தினமும் யாருக்காவது வேலையைக் குறைக்குமா? மூன்றுக்கும் ஆம் என்றால் பெட்டிக்குள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் அலமாரிக்குள். பட்டியலை நீங்கள் எழுதுங்கள். ஆனால் சாமானை எடுத்து வைப்பது, எடை பார்ப்பது, திரும்பி வந்து பிரித்து அடுக்குவது எல்லாவற்றையும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பெயர் போட்டுப் பிரித்துக் கொடுங்கள். குடும்ப விடுமுறை என்றால் குடும்பத்தில் எல்லோருக்கும் விடுமுறை. அதில் நீங்களும் உண்டு.