குட்டி யானை வாகடம்

மாட்டுக்கு வாகடம் இருக்கிறது. குதிரைக்கு இருக்கிறது. யானைக்குக் கஜசாஸ்திரம், மாதங்க லீலை என்று வடமொழியில் நூல்கள் இருக்கின்றன. 2005-இல் பிறந்து, தமிழ்நாட்டுச் சந்துகளில் பாதியை ரிவர்ஸிலேயே கண்டறிந்து, வாழைத்தார் முதல் கல்யாண ஷாமியானா வரை சுமந்துகொண்டிருக்கும் குட்டி யானைக்கு மட்டும் யாரும் ஒரு வாகடம் செய்யவில்லை. அதன் மருத்துவம் பட்டறைக்குப் பட்டறை வாய்மொழியாகவே வாழ்கிறது. அதை ஏட்டில் ஏற்றும் முதல் முயற்சி இது. பிழை இருந்தால் என் காதின் பிழை; பக்கத்தில் கிரைண்டிங் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் பெயராய்வு. டாடா ஏஸ் என்பது பிறப்புப் பெயர். வடக்கே சோட்டா ஹாத்தி, இங்கே குட்டி யானை. இந்திப் பெயரின் மொழிபெயர்ப்பு என்பார் ஒரு சாரார்; தமிழன் தானே வைத்த பெயர் என்பார் இன்னொரு சாரார். இரண்டாம் கட்சியைச் சொன்னவர் கையில் ஸ்பானர் இருந்ததால் நான் மறுக்கவில்லை. முதலில் வந்த வண்டிக்கு இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன். ஒரு யானைக்குள் பதினாறு குதிரை என்பது விலங்கியலுக்குச் சிக்கல், சந்தைக்கு இல்லை. நாளடைவில் எந்தக் கம்பெனியின் சின்ன லோடு வண்டியானாலும் அது குட்டி யானையே என்றாகி, சிறப்புப் பெயர் இனப்பெயராகிவிட்டது.

களப்பணி நடந்த இடம் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு அருகே ஒரு பட்டறை. என் மச்சானின் வண்டி கிளட்ச் வேலைக்காக அங்கே மூன்று நாள் கிடந்தது, நானும் கிடந்தேன். தகவலாளர் பட்டறைக்காரர். ஊரே அண்ணன் என்பதால் ஆய்விலும் அண்ணன். அவரிடம் வேலை பழகும் பையன் இந்நூலின் உரையாசிரியன். அண்ணன் ஒரு சொல்லில் சொன்னதை அவன் பத்துச் சொல்லில் விளக்குவான், பொருள் மாறிவிடும். உரை மரபில் இது புதிதல்ல.

இனி நோய் நாடல். சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு உண்டு: நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். அண்ணன் இந்தப் பட்டியலைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடும் இன்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடினார். அது நாடி. ஓடி வந்து நின்ற வண்டியின் நாலு வீல் ஹப்பையும் புறங்கையால் தொட்டார். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பேரிங் இறுக்கம் அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது ஸ்பரிசம். நிறம் என்பது புகை: கறுத்தால் காற்று போதவில்லை அல்லது டீசல் மிகுதி, நீலம் ஓடினால் ஆயில் எரிகிறது, வெளுத்தால் டீசல் எரியாமல் வருகிறது, அல்லது கூலன்ட் உள்ளே இறங்கியிருக்கிறது. எட்டாவது தேர்வைப் பிறகு பார்ப்போம். அதுதான் இந்நூலின் மணிமுடி.

வாதம், பித்தம், கபம் என்னும் முக்குற்றங்களும் இவ்விலங்குக்கு உண்டு. காற்று வாதம், சூடு பித்தம், வழவழப்பு கபம்.

வாதத்தை எடுத்துக்கொள்வோம். 702 சிசி இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் ஏறக்குறைய ஆயிரம் லிட்டர் காற்றை உறிஞ்சுகிறது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றை நிரப்பும் அளவுக் காற்று, பன்னிரண்டு நிமிடத்தில். அந்தக் காற்று கல்குவாரிக் காற்றாகவோ செங்கல் சூளைக் காற்றாகவோ இருக்கும்போது, அதிலுள்ள மணல்தூள் இரும்பைவிடக் கெட்டியானது. பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் போரையும் சாணைபிடித்துவிடும். இடையில் நிற்கும் ஒரே காவலன் காகிதத்தால் ஆன ஏர் ஃபில்டர். பாசமுள்ள டிரைவர் அதைத் தினமும் கழற்றி டயரில் 'டொப் டொப்' என்று தட்டுகிறார். தட்டத் தட்ட மடிப்பு கிழிகிறது, ரப்பர் விளிம்பு நெளிகிறது. கொஞ்சம் தூசி படிந்த ஃபில்டர் புது ஃபில்டரைவிட நன்றாக வடிகட்டும். கிழிந்தது எதையும் வடிகட்டாது. அடைத்துக்கொண்ட ஃபில்டர் கறுத்த புகையால் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கிழிந்த ஃபில்டர் வாயைத் திறக்காது. ஃபில்டருக்கு அப்புறம் போகும் ஹோஸில் கிளிப் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான்.

இங்கே என் முதல் துணிபைச் சொல்லிவிடுகிறேன்: குட்டி யானை பெரும்பாலும் புறக்கணிப்பால் சாவதில்லை, அன்பால் சாகிறது. கோயில் யானைக்கு வருகிறவர் போகிறவரெல்லாம் சர்க்கரைப் பொங்கல் ஊட்டுவது போல.

பித்தப் படலத்தில் இது இன்னும் தெளிவாகும். தெர்மோஸ்டாட் என்று ஒரு சிறு கதவு. கூலன்ட் சுமார் 80 டிகிரி சூடேறும்வரை ரேடியேட்டருக்குப் போகாமல் அது வழியை அடைத்துவைக்கிறது. நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்று கழற்றி வீசுவது ஒரு பட்டறை மரபு. கழற்றினால் கெட்டது என்பது இன்னொரு மரபு. வடகலை தென்கலை போல இருவரும் ஒரே தெருவில் எதிரெதிர்க் கடையில் இருக்கிறார்கள். அண்ணன் இரண்டாம் கலை. கதவு இல்லாவிட்டால் இன்ஜின் தன் சூட்டுக்கு வரவே நேரமாகும்; குளிர்ந்த போரில் டீசல் முழுதாக எரியாமல் சுவரில் வழிந்து ஆயிலைக் கழுவும்; தேய்மானமும் டீசல் செலவும் கூடும்.

"வெயில் வெளியில அடிக்குது சார். உள்ள அடிக்கிறது வேற வெயில்," என்றார்.

உரையாசிரியன் இதற்குச் சொன்ன விளக்கத்தில் சூரியன் வந்தது. விட்டுவிட்டேன்.

ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றுவதும் அன்பின் வகையே. குடத்தில் படியும் உப்பு, ரேடியேட்டர் குழாயிலும் படியும். கூலன்ட் கலந்த தண்ணீர் துருவைத் தடுக்கிறது, கொதிநிலையை உயர்த்துகிறது; அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் மூடி மேலும் உயர்த்துகிறது. அதனால்தான் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருந்த தண்ணீர், சூட்டோடு மூடியைத் திறந்ததும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் பாய்கிறது. அண்ணனின் வலது முன்கையில் இதற்குக் கல்வெட்டுச் சான்று இருக்கிறது.

கபம் விரிவானது. டீசல் இன்ஜினில் புது ஆயில் ஊற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். கறுத்ததாலேயே கெட்டது என்று நினைப்பது பாமரர் கொள்கை. கரியைப் பிடித்துத் தன்னுள் மிதக்கவைப்பது ஆயிலின் கடமை. கறுப்பு அதன் உழைப்பின் நிறம். அஞ்ச வேண்டிய நிறம் டீயின் நிறம். டிப்ஸ்டிக்கில் பால் கலந்தாற்போல வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்பதைக் கையேடு சொல்லும். ஆனால் சந்தை வண்டிக்கு அந்தக் கணக்கு நேராகப் பொருந்தாது. விடிகாலையில் மூட்டை இறங்கும்வரை இன்ஜினை அணைக்காமல் நிற்கும், ஊர்ந்து பத்தடி நகரும், மறுபடி நிற்கும். "மீட்டர் நிக்கும், ஆயில் ஓடும்" என்பது அண்ணன் சூத்திரம். ஆகவே இத்தகைய வண்டிக்கு முன்கூட்டியே மாற்றுவது மரபு. எஃப்.சி.க்குப் போகும் முன் மாற்றுவது சடங்கு.

இப்போது எட்டாம் தேர்வு. சித்தர் தேரையர் பெயரால் வழங்கும் நெய்க்குறியில், நோயாளியின் நீரில் ஒரு துளி எண்ணெய் விட்டு அது பரவும் வடிவத்தைப் பார்ப்பார்கள். பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாகப் படர்ந்தால் பித்தம், முத்தாக நின்றால் கபம். அண்ணன், டிப்ஸ்டிக்கை உருவி ஒரு துளியைப் பழைய செய்தித்தாள் மேல் விட்டு ஆணியில் மாட்டிவைத்தார். மறுநாள் பார்த்தோம். சாம்பல் நிறமாகச் சீராகப் படர்ந்திருந்தால் ஆயிலுக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. கறுப்பு முழுவதும் நடுவில் முத்தாகக் கூடி, சுற்றிலும் வெறும் எண்ணெய் மட்டும் பரவியிருந்தால் கரியைத் தாங்கும் சக்தி தீர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். வெளி ஓரத்தில் மங்கலாக ஒரு மோதிரம் தனித்துத் தெரிந்தால் டீசல் கலந்திருக்க வாய்ப்பு. தேரையருக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் இத்தனை பொருத்தம் இருப்பது எனக்கே மயிர்க்கூச்செறியச் செய்தது. பாம்பாக நீண்டால் என்ன என்று கேட்டேன்.

"தாள் சாஞ்சிருக்குன்னு அர்த்தம் சார்."

அடுத்து, யானையின் கீழுடல். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சில் வரை போகும் ஷாஃப்டில் கிராஸ் எனப்படும் மூட்டுகள் உள்ளன. கியர் போட்டுக் கிளம்பும்போது 'டணக்' என்று ஒரு சத்தம் வந்தால் மூட்டுவலி தொடங்கிவிட்டது. ஷாஃப்டைக் கழற்றும் முன் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு முனை முள்கரண்டிகளும் முன்பிருந்த அதே நேர்கோட்டில் சேராவிட்டால் வண்டி நடுங்கும். பிறகு அந்த நடுக்கத்துக்கு வீல் பேலன்ஸ், டயர், இன்ஜின் மவுன்ட் என்று ஊரெல்லாம் வைத்தியம் பார்ப்பார்கள். ஒரு ரூபாய் சாக்பீஸ். ஆயுத பூஜைக்கு முன் வாட்டர் வாஷ் அடிப்பது வழக்கம். பீய்ச்சும் தண்ணீர் மூட்டுகளிலும் ஸ்பிரிங் பட்டை முனைகளிலும் இருக்கிற கிரீஸையும் சேர்த்து விரட்டுகிறது. கழுவியபின் நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்துப் பழைய கிரீஸ் பிதுங்கும்வரை அடிக்காத வண்டி, சந்தனம் குங்குமத்தோடு துருப்பிடிக்கிறது.

கிரவுன் பினியன் இருக்கும் ஹவுசிங்கில் ஒரு போல்ட் ஓட்டை. அதைக் கழற்றிச் சுண்டுவிரலை விட்டால் விளிம்பில் ஆயில் தொட வேண்டும். அந்த ஆயிலின் நாற்றம் கந்தக நாற்றம். பல்லும் பல்லும் அழுந்தி வழுக்கும் இடத்தில் உலோகத்தைக் காக்கச் சேர்த்த சரக்கு. கையேடு சொல்லாவிட்டால் இதையே கியர்பாக்ஸிலும் ஊற்றக் கூடாது. அங்குள்ள பித்தளை வளையங்களுக்குச் சில வகை ஆகாது. இந்த ஹவுசிங்கின் தலையில் ஒரு மூச்சுத்துளை இருப்பதைப் பலர் அறியார். அது சேற்றால் அடைபட்டால், சூட்டில் விரியும் காற்று வேறு வழியின்றி ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு வரும். ஆயில் பிரேக் லைனரில் வழியும். மச்சான் போன வருடம் வேறொரு பட்டறையில் மூன்று முறை சீல் மாற்றினார். அண்ணன் ஒரு கம்பியால் துளையைக் குத்திவிட்டார். யானைக்கு மூக்கடைப்பு.

பாரத்தைப் பற்றித் தமிழ் முன்பே பேசிவிட்டது. 475-ஆம் குறளில், மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறார் வள்ளுவர். பரிமேலழகர் இதை அரசனின் பகைவர் கணக்காகக் கொண்டார். பட்டறை உரை இதை நேரடியாகவே கொள்கிறது. புறநானூற்று 102-ஆம் பாட்டில் உப்பு வணிகர் வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டிச் செல்வதாக ஔவையார் பாடுகிறார். ஸ்டெப்னிக்குத் தமிழில் இதைவிடப் பழைய சான்று எனக்குத் தெரியாது. இவர்கள் சொல்லாமல் விட்டது ஒரு கணக்கு மட்டுமே. உருளை பேரிங்கின் ஆயுள், பாரத்தின் ஏறக்குறைய 3.3 மடிப் பெருக்கத்துக்கு எதிராகக் குறையும். 750 கிலோவுக்குச் செய்த வண்டியில் ஒன்றரை டன் எம்-சாண்ட் ஏற்றினால், இரட்டிப்பான பாரம் விழும் பேரிங்கின் ஆயுள் பாதியாவதில்லை. பத்தில் ஒரு பங்காகிறது. கூடுதல் பட்டை போட்டுவிட்டேனே என்பார் மச்சான். பட்டை போட்டால் வண்டி குனியாது. பேரிங்குக்கு அது தெரியாது.

பாகன் இயலில் சொல்ல அதிகமில்லை. பாகனுக்கு இடது காலே எமன். கிளட்ச் பெடல் மேல் காலை ஓய்வாக வைத்திருப்பதும், மேட்டில் பிரேக் போடாமல் அரை கிளட்ச்சில் வண்டியைத் தொங்கவிடுவதும்தான் மச்சானின் மூன்று நாள் பட்டறை வாசத்துக்குக் காரணம். பாச்சலூர் மலையில் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டு மிச்சம் பிடித்த டீசல் பிரேக் லைனருக்குப் போய்விடும், அதுவும் லைனர் மிஞ்சினால். காலையில் ஸ்டார்ட் ஆனதும் முறுக்கக் கூடாது. இரவெல்லாம் கீழே வடிந்த ஆயில் மேலே ஏறச் சில நொடி வேண்டும். டர்போ வண்டியானால் மலை ஏறி நின்றதும் சாவியைத் திருகிவிடக் கூடாது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழன்ற தண்டு ஆயிலின் தயவில் ஆற வேண்டும். அதன் சீல் போனால் இன்ஜின் தன் ஆயிலையே குடித்துச் சாவியை அணைத்தாலும் நிற்காமல் அலறும். யானை நூலார் மதம் என்பது இதுவே. காற்று போகும் வாயை அடைப்பார்கள், அல்லது டாப் கியரில் போட்டு பிரேக்கை மிதித்துக் கிளட்ச்சை விடுவார்கள். பையன் மரத்தடிக்கு ஓடுவான்.

கடைசியாக மூலச்சுவடி பற்றி. நெய்க்குறி பார்த்த செய்தித்தாள்களை அண்ணன் எறிவதில்லை. ஆணியில் கட்டாகத் தொங்குகின்றன. ஒவ்வொரு ஏட்டிலும் தேதி அச்சிட்டே வருவதால் காலக்கணிப்பில் சிக்கல் இல்லை. சுவடியியலில் இப்படி ஒரு வசதி அரிது. ஒன்றில் தேர்தல் முடிவு, ஒன்றில் வெங்காய விலை, எல்லாவற்றின் நடுவிலும் ஒரு கறுப்பு நிலா. கட்டின் கடைசித் தாளில் மட்டும் கறுப்பே இல்லை. பொன்னிறமாக, பெரிதாக, அப்பழுக்கற்ற ஒரு மோதிரம். பித்தமா, டீசல் கலப்பா, இதுவரை நூல்களில் பதிவாகாத நான்காம் குறியா என்று பல கோணங்களில் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்து தாளை வாங்கி மூக்கருகே வைத்தார்.

"பருப்பு வடை சார்," என்று திருப்பிக் கொடுத்தார்.