ஒன்பது டீ

எங்கள் கோச்சை நீக்கிவிடுவது என்று முடிவெடுக்க 1991-ல் ஒரு கூட்டம் போட்டோம். அந்தக் கூட்டத்துக்கு டீ வாங்கிக் கொடுத்தவரே அவர்தான்.

வியாசர்பாடிப் பக்கம். இன்றைக்கு அந்தப் பகுதியைப் பத்திரிகைகள் ‘குட்டி பிரேசில்’ என்று எழுதுகின்றன. அன்றைக்கு எங்கள் அணியைப் பார்த்திருந்தால் பிரேசில்காரர்கள் கேஸ் போட்டிருப்பார்கள். தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோல்வி. ஐந்தாவதில் ஆறு கோல். அதில் ஒன்று எங்கள் பேக் ஒருவனின் தலையில் பட்டு எங்கள் வலைக்குள்ளேயே போனது. அந்தத் தலை என்னுடையது. சென்னை லீக்கின் ஆகக் கடைசி டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தோம் என்பதால் எங்களைக் கீழே இறக்கிவிடவும் வழியில்லை. அவமானத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பார்கள். எங்களுக்கு அதை லீக்கே சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டியிருந்தது.

அவரை யாரும் கோச் என்று கூப்பிட்டதில்லை. மாஸ்டர்தான். பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை. ஷிஃப்ட் முடிந்ததும் காக்கிச் சட்டையோடு சைக்கிளில் வருவார். கேரியரில் ஒரு கோணி, அதற்குள் இரண்டு பந்து. ஒன்று பிராக்டிஸுக்கு, தையல் விட்டது. இன்னொன்று மேட்சுக்கு மட்டும், தொட்டால் அடி விழும். பம்ப்பு, ஊசி, கோல் வலை, லீக்குக்குப் பணம் கட்டிய ரசீது எல்லாம் அவர் வீட்டுப் பரணில். ஜெர்சி துவைப்பது அவர் வீட்டு அக்கா. தண்ணீர்க் குடமும் உப்புத் தடவிய எலுமிச்சம்பழமும் அவர் மச்சான் பொறுப்பு. யாருக்காவது காலில் அடிபட்டால் மீன் மார்க்கெட்டுக்கு ஓடி ஐஸ் வாங்கி வருவதும் மச்சான்தான். அந்த ஐஸை வைத்த கால் இரண்டு நாளைக்கு வஞ்சிரம் மணக்கும். இப்போது இதற்கெல்லாம் சேர்த்து ‘கோச்சிங் ஸ்டாஃப்’ என்று பெயர். தலைக்கு ஒரு சம்பளம், ஒரே நிறத்தில் டி-ஷர்ட். எங்களுடையது ஒரு ரேஷன் கார்டில் அடங்கிய ஸ்டாஃப்.

மாஸ்டரின் வியூகம் ஒன்றே ஒன்று: “பந்தைத் தரையில வெச்சி ஆடுங்கடா.” அந்தத் தரையில் வைத்தால் பந்து தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கமாக உருண்டு போகும் என்பது வேறு விஷயம். தோற்றால் எங்களைத் திட்டமாட்டார். “காத்து அவங்க பக்கம் அடிச்சிதுடா” என்பார். இடைவேளைக்குப் பிறகு நாங்கள் பக்கம் மாறுவோம். காற்றும் கூடவே மாறிவிடும் போல. சைக்கிளில் ஏறும்போது, “வுடு, அடுத்த மேட்ச்ல பாத்துக்கலாம்.” அடுத்த மேட்சை அவரும் பார்ப்பார், நாங்களும் பார்ப்போம். எதிர் அணி மட்டும் ஆடும்.

அன்றைக்கு டீக்கடை பெஞ்சில் ஒன்பது பேர். முடிவு ஒருமனதாக ஆகிவிட்டது. அதை அவரிடம் யார் சொல்வது என்பதில்தான் இழுபறி. தான் சொன்னால் மரியாதையாக இருக்காது என்றான் கேப்டன். தான் சொன்னால் ஆறு கோலையும் எண்ணிக் காட்டுவார் என்றான் கோல்கீப்பர். இதற்குள் சைக்கிள் வந்து நின்றுவிட்டது.

“இன்னாடா, எல்லாரும் ஒண்ணா கீறீங்க?” என்றவர், பதிலுக்குக் காத்திராமல், “ஒம்போது டீ போடுப்பா” என்றார். நாங்கள் குடித்து முடிக்கும்வரை எங்கள் முகங்களையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். “சொல்லுங்கடா. இன்னா விஷயம்?”

கேப்டன் தொண்டையைக் கனைத்தான். “பம்ப்புல சரியா காத்து வர மாட்டேங்குது மாஸ்டர்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான் மாஸ்டர்.”

மறுநாள் புது வாஷர் மாட்டிய பம்ப்பு வந்தது. மாஸ்டர் அதற்குப் பிறகும் ஏழு வருடம் எங்களுக்கு மாஸ்டராக இருந்தார்.

இந்தக் கதையை என் பையனுக்கு விசுவாசத்தின் கதையாகச் சொல்லியே வளர்த்தேன். “அந்தக் காலத்துல நாங்க தோத்தாலும் மாஸ்டரை விட்டுக் கொடுக்கலடா.” அவரை அனுப்பினால் பந்தும் அவரோடு போய்விடும் என்ற பகுதியை மட்டும் சொல்வதில்லை. ஒப்பிட்டுத் திட்டுவதற்கும் அப்போது ஆளில்லை. டி.வி.யில் ஃபுட்பால் என்பது நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் திருவிழா. நல்ல கோச் எப்படி இருப்பார் என்றே தெரியாதவனுக்குப் பொறுமை தானாக வந்துவிடும்.

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் என்ற ஐ.எஸ்.எல். வந்தது. எனக்கும் ஓர் அணி கிடைத்தது: சென்னையின் எஃப்.சி. நீலச் சட்டை, பெரியமேடு நேரு ஸ்டேடியம், முதல் கோச் மார்கோ மாட்டெராஸி. 2006 உலகக் கோப்பை ஃபைனலில் ஜிதேன் தலையால் முட்டிய அந்த நெஞ்சு, மூர் மார்க்கெட்டிலிருந்து நடக்கும் தூரத்தில். 2015-ல் தொடரின் நடுவில் அணி கடைசி இடத்தில் கிடந்தது. மாட்டெராஸியை மாற்றவில்லை. ஊரே வெள்ளத்தில் மூழ்கிய அந்த டிசம்பரில், சொந்த மண்ணில் ஆட வேண்டிய செமி ஃபைனலைப் புனேயில் ஆடி, கடைசியில் கோவா அணியை 3-2 என்று வென்று கோப்பையைக் கொண்டுவந்தார்கள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று அப்போது நான் ஆபீஸில் சொல்லாத ஆளில்லை.

2018 மார்ச் 17, பெங்களூருடன் ஃபைனல். அவர்கள் ஊரிலேயே அவர்களை 3-2. மெய்ல்சன் ஆல்வெஸ் தலையால் இரண்டு. இந்த முறை கோச் ஜான் கிரெகரி, இங்கிலாந்தில் ஆஸ்டன் வில்லாவை நடத்தியவர். அவர் முகத்தை என் போனில் டி.பி.யாக வைத்தேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கல்யாண நாளன்றுகூட அந்த இடத்தில் எங்கள் போட்டோ இருந்ததில்லை என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த சீசனில் அதே கிரெகரி, ஏறக்குறைய அதே ஆட்கள். 18 ஆட்டத்தில் 13 தோல்வி, 3 டிரா, 2 வெற்றி. 9 பாயின்ட், பத்து அணிகளில் பத்தாவது. அந்த இரண்டு வெற்றியில் ஒன்று, அந்த வருடம் கோப்பையை வெல்லப்போகும் பெங்களூருக்கு எதிராக என்பதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. டி.பி.யை மாற்றினேன். பழைய கூட்டாளிகளின் வாட்ஸ்அப் குரூப் எனக்கு டீக்கடை பெஞ்சு ஆனது. நேரில் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை, டீயும் வராது என்பதால் தைரியத்துக்குக் குறைவில்லை. நள்ளிரவில் நான்கு-மூன்று-மூன்று என்றும் மூன்று-ஐந்து-இரண்டு என்றும் எழுதினேன். 1991-ல் எனக்குத் தெரிந்த ஒரே வியூகம், பந்து வரும் பக்கம் ஓடுவது.

சீசன் முடிந்தது. இனி புது ஆள் என்று எதிர்பார்த்தோம். கிரெகரியே நீடித்தார். இங்கிலாந்தில் இதே கணக்கில் ஒரு அணி முடித்திருந்தால் கீழ் டிவிஷனுக்கு இறங்கியிருக்கும். பணம் போயிருக்கும், பாதி ஆட்கள் போயிருப்பார்கள், கோச் அதற்கும் முன்னாலேயே போயிருப்பார். அங்கே முதலாளிகள் கோச்சை மாற்றுவது ரசிகன் கத்துவதால் அல்ல, கால்குலேட்டர் கத்துவதால். ஐ.எஸ்.எல்.லில் அப்போது கடைசி இடத்துக்கு இறக்கம் இருக்கவில்லை. பத்தாவதாக வந்த அணியும் அடுத்த வருடம் குளித்து முழுகி, பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கலாம். ஆக, இத்தனை வருடம் கழித்து, இவ்வளவு டிக்கெட் காசு கொடுத்து, நான் வந்து சேர்ந்த இடம் அதே சுண்ணாம்புக் கோடுதான்.

குரூப்பில் எங்கள் பழைய லெஃப்ட் பேக் ஒருவன் உண்டு. ஆடும் காலத்தில் வாயே திறக்காதவன். கோச்சைப் பற்றி யார் என்ன எழுதினாலும் அவன் பதில் ஒரே சொல்: “ஃபெர்குசன்.” வக்கீல் சட்டப் பிரிவைச் சொல்வது போல. மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு அலெக்ஸ் ஃபெர்குசன் வந்தது 1986 நவம்பரில். 1989-ல் அணி பதினோராவது இடம். அந்த செப்டம்பரில் பக்கத்துத் தெரு சிட்டியிடம் 5-1. அவரைப் போகச் சொல்லி மைதானத்திலேயே பேனர். 1990 ஜனவரியில் மார்க் ராபின்ஸ் அடித்த ஒரு கோல். பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் மூன்று வருடம் பொறுத்ததால் ஃபெர்குசன் ஆனவர் ஒருவர். மூன்று வருடம் பொறுத்தும் ஃபெர்குசன் ஆகாதவர்களின் பெயரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. அதில் எங்கள் மாஸ்டரும் ஒருவர். இதை எழுதினேன். அவன் கட்டை விரல் படம் ஒன்றைப் போட்டான். அதற்கும் கீழே, “ஃபெர்குசன்.”

2019-ல் புது சீசன். முதல் நான்கு ஆட்டத்தில் எங்களுக்கு ஒரு கோல்கூட இல்லை. ஐந்தாவது, நவம்பர் 25, நேரு ஸ்டேடியம், ஹைதராபாத். தொண்ணூறு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. கூடுதல் நேரத்தில் ஷெம்ப்ரி ஒன்று அடித்தார். நான் பக்கத்து சீட்டுக்காரரைக் கட்டிப் பிடித்தேன். ஹைதராபாத் சமன் செய்தது. கட்டிப் பிடித்த கையை எடுத்துக் கொண்டு, “கோச்சை மாத்துங்கய்யா!” என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். கத்திய வாயை மூடுவதற்குள் வால்ஸ்கிஸ் இன்னொன்று அடித்து 2-1. மூன்று கோலும் கூடுதல் நேரத்தில். அந்தச் சில நிமிடத்தில் நான் ஒருமுறை கிரெகரியை மன்னித்து, ஒருமுறை நீக்கி, மறுபடியும் வேலைக்குச் சேர்த்திருக்கிறேன். பையன் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒடிசாவுடன் ஒரு டிரா. அந்த மாதம் முடிவதற்குள் கிரெகரி போய்விட்டார்.

ஒரு வருடமாகக் கேட்டது கிடைத்தது. அன்றிரவு குரூப்பில் யாருக்கும் எழுத ஒன்றுமில்லை. சொந்தக்காரர் ஒருவரை ஊருக்கு ரயிலேற்றிவிட்டு வந்த வீடு மாதிரி இருந்தது. பிறகு ஓவன் காயல் வந்தார். அடியில் கிடந்த அணி நான்காவது இடத்துக்கு ஏறி, செமி ஃபைனலில் கோவாவை 6-5 என்ற மொத்தக் கணக்கில் தள்ளி, ஃபைனல்வரை போனது. 2020 மார்ச் 14, கொரோனாவால் ஆளே இல்லாத மட்காவ் மைதானத்தில் கொல்கத்தாவிடம் 3-1 என்று தோற்றது. தோற்றால் என்ன? நான் சொன்னது நிரூபணமாகிவிட்டதே! ஃபெர்குசன் வக்கீலுக்குத் தனியாகவே ஒரு செய்தி அனுப்பினேன்.

காயல் போனார், வேறு ஆட்கள் வந்தார்கள், போனார்கள், 2023-ல் காயலே திரும்பி வந்தார். எல்லா வியாதிக்கும் மருந்து வந்துவிட்டது என்று எழுதினேன். முதல் வருடம் பிளே ஆஃப். 2024-25-ல் பதிமூன்று அணிகளில் பதினோராவது. குரூப்பில் மறுபடியும் நள்ளிரவுச் சந்தடி. “ஏம்ப்பா, இவரைத்தானே அன்னிக்குக் கொண்டாடின?” என்று பையன் கேட்டான். ஆள் அதேதான்டா, காத்துதான் மாறிப்போச்சு என்றேன். சொன்ன பிறகுதான் யாருடைய வாக்கியம் அது என்று உறைத்தது.

அந்த சீசனில்தான் ஒருநாள் மாஸ்டரை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப் போனேன். 2025 ஜனவரி 30, கேரளா பிளாஸ்டர்ஸுடன். மாஸ்டருக்கு எழுபத்தெட்டு. 1993-ல் இதே ஸ்டேடியத்தில் நேரு கோப்பை நடந்தபோது எங்களைக் கூட்டி வந்தவர். எங்கள் வரிசையில் பாதி மஞ்சள் சட்டை. மாஸ்டர் சரியாக உட்காருவதற்குள்ளேயே அவர்கள் ஒன்று போட்டுவிட்டார்கள். அவர் பக்கத்தில் இருக்கிறாரே என்று நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. தோற்கிற கோச் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது இன்னொரு கோச்சைத் திட்டுவது இங்கிதமில்லை. இரண்டானது. மூன்றானது. திடீரென்று என் வலப்பக்கத்திலிருந்து ஒர்க்ஷாப் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய ஒரு குரல் எழுந்தது.

“மாத்துங்கடா அந்த ஆள!”

முன் வரிசை திரும்பிப் பார்த்தது. நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். “மாஸ்டர், நீங்களா இப்படி?”

“பின்ன? மூணு கோல் வாங்கினா கேக்க வேணாமா?”

“நாங்க ஆறு வாங்கினோம் மாஸ்டர். உங்கள ஒரு வார்த்தை கேட்டோமா?”

“அதான்டா என் தலையெழுத்து!” என்றார். “ஷிஃப்ட்டு முடிச்சிட்டு வந்து உங்களோட மாரடிக்க முடியல. வூட்ல உங்க அக்கா தெனைக்கும் சண்ட. நானா எப்பிடி வுட்டுட்டுப் போறது? நீங்க ஒம்போது பேரும் அன்னிக்கு மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு குந்தினு இருந்தீங்களே, இன்னைக்கு சொல்லிடுவானுங்கோன்னு சந்தோசத்துல டீ சொன்னேன். ‘போங்க மாஸ்டர்’னு ஒருத்தன் சொல்லியிருந்தா, கோணிய அங்கியே குடுத்துட்டுப் போயிருப்பேன்.”

“நாங்க...”

“பம்ப்புன்னீங்க.” ஆட்டத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அந்த வாஷரும் என் காசுதான்.”