அம்பயரைத் திட்டும் உரிமை

இந்தியா தோற்ற நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் இந்திய அணியைத் திட்டியதில்லை. அதற்கென்றே வெள்ளைக் கோட்டு மாட்டி ஒருவரை மைதானத்தின் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். பெரியப்பா டிவி முன்னால் உட்கார்ந்தால், முதல் ஓவர் முடிவதற்குள் அந்த மனிதரின் கண், காது, வளர்ப்பு மூன்றைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்.

1999 டிசம்பரில் ஆஸ்திரேலியாவோடு அடிலெய்டு டெஸ்ட். மெக்ராத் பந்து எகிறும் என்று நினைத்து டெண்டுல்கர் குனிந்தார். பந்து எகிறவில்லை. குனிந்தவர் தோளில் பட்டது. அம்பயர் டேரில் ஹார்ப்பர் காலில் பட்டதாக எல்பி கொடுத்துவிட்டார். டெண்டுல்கர் பூஜ்யம். "தோளு எப்படா காலாச்சு?" என்று பெரியப்பா வீட்டுக்கு வந்தவர் போனவரையெல்லாம் பிடித்துக் கேட்டார். அந்த டெஸ்டில் நாம் 285 ரன் வித்தியாசத்தில் தோற்றோம். அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தோளைப் பற்றித்தான் பொங்கல் வரை பேச்சு.

2008 ஜனவரியில் மறுபடி ஆஸ்திரேலியாவோடு சிட்னி டெஸ்ட். சைமண்ட்ஸ் 30 ரன்னில் இருக்கும்போது இஷாந்த் பந்து பேட்டில் உரசியது. சத்தம் எங்கள் தெருமுனை வரை கேட்டது. அம்பயர் ஸ்டீவ் பக்னருக்கு மட்டும் கேட்கவில்லை. சைமண்ட்ஸ் 162 அடித்து அவுட்டாகாமல் நின்றார். இரண்டாவது இன்னிங்ஸில் திராவிடுக்குப் பேடில் பட்ட பந்தைப் பேட்டில் பட்டதாகச் சொல்லி அனுப்பிவைத்தார்கள். அடுத்த டெஸ்டுக்குப் பக்னரையே மாற்றினார்கள். "மனுஷனை நம்பினா இதான் கதி. மெஷினைக் கொண்டாங்கடா" என்று பெரியப்பா தீர்மானம் நிறைவேற்றினார்.

கொண்டுவந்தார்கள். அதே 2008 ஜூலையில், இலங்கையில் நாம் ஆடிய டெஸ்ட் தொடரில்தான், அம்பயர் முடிவை எதிர்த்து மெஷினிடம் கேட்கும் ரிவ்யூ முறைக்கு முதல் வெள்ளோட்டம். இலங்கைக்காரர்கள் கேட்டதில் 11 பலித்தன. நமக்கு ஒன்றே ஒன்று. பெரியப்பா ஒரே ராத்திரியில் கட்சி மாறினார். "மெஷினுக்கு என்னடா தெரியும் கிரிக்கெட்டு?" நம் கிரிக்கெட் வாரியமும் ஏறக்குறைய அதையேதான் கொஞ்சம் மரியாதையான பாஷையில் சொல்லிக்கொண்டு, இரு நாட்டுத் தொடர்களில் 2016 வரை ரிவ்யூவைப் பெரும்பாலும் பக்கத்தில் சேர்க்கவில்லை.

உலகக் கோப்பையில் மட்டும் வாரியத்தின் பேச்சு செல்லாது. 2011 மொகாலி அரையிறுதியில் பாகிஸ்தானின் சயீத் அஜ்மல் பந்தில் டெண்டுல்கருக்கு எல்பி. அப்போது அவர் 23 ரன்னில் இருந்தார். அம்பயர் விரலைத் தூக்கிவிட்டார். ரிவ்யூ கேட்டால், பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே போகிறது என்றது மெஷின். டெண்டுல்கர் 85 எடுத்தார், நாம் ஜெயித்தோம். பெரியப்பா டிவிக்குக் கற்பூரம் காட்டாத குறை. ஒருநாளும் அவருக்கு நியாயம் தேவைப்பட்டதில்லை, அனுகூலம்தான் தேவைப்பட்டது என்பது எனக்கு அன்றைக்குப் புரிந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்ததால் எடுத்துச் சொல்லத் தோன்றவில்லை.

தெருவில் நாங்கள் ஆடிய காலத்தில் இந்தப் பிரச்சினையே கிடையாது. பேட்டிங் டீம்தான் அம்பயர். அதில் சண்டை வந்தால் பேட் யாருடையதோ அவன் சொல்வது இறுதித் தீர்ப்பு. அதற்கு மேல் அப்பீல் போனால் பேட் வீட்டுக்குப் போய்விடும்.

இப்போது அப்படியா? யாராவது ரிவ்யூ கேட்டுக் கைகளால் டி போட்டுக் காட்டிவிட்டால் வீட்டில் ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது. முதலில் நோபாலா என்று செருப்புக் கடை மாதிரி காலையே காட்டுவார்கள். பிறகு பந்து பேட்டைத் தாண்டும் இடத்தில் ஒரு கோடு துடிக்கிறதா என்று பார்ப்பார்கள். "ஏங்க, எத்தனை வாட்டி அதே பாலைப் போடுவாங்க?" என்பாள் மனைவி. கடைசியில் ஸ்டம்பை நோக்கி ஒரு நீலப் பாதை நீளும். மூன்று கட்டத்தில் இரண்டு சிவப்பு. மூன்றாவதில் 'அம்பயர்ஸ் கால்'.

அதாவது, காலில் படும் வரைக்கும்தான் கேமரா பந்தைப் பார்த்தது. அதற்கு மேல் போட்டுக் காட்டுவது கணக்கு. கணக்கு கொஞ்சம் தப்பலாம் என்பதால், பந்தில் பாதியாவது ஸ்டம்பில் பட்டால்தான் மெஷின் பேச்சு எடுபடும். அதற்குக் குறைந்தால் அம்பயர் முதலில் சொன்னதே நிற்கும். இதைப் பெரியப்பாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாதி பட்டா பெயில்ஸ் பாதிதான் விழுமா?" என்றார். ஐசிசியிடம் இதற்குப் பதில் இருக்கலாம். என்னிடம் இல்லை.

மெஷின் இருந்தும் அதைக் கூப்பிடத் தெரிய வேண்டும். 2019 ஹெடிங்லி டெஸ்டில் இங்கிலாந்துக்கு எதிராக ஆஸ்திரேலியா கடைசி ரிவ்யூவை ஒன்றுமில்லாத ஓர் எல்பிக்குச் செலவழித்தது. அடுத்த ஓவரிலேயே நாதன் லயன் பந்து ஸ்டோக்ஸின் காலைப் பிடித்தது. அம்பயர் அவுட் இல்லை என்று தலையாட்டிவிட்டார். கேட்டிருந்தால் அவுட். கையில்தான் ரிவ்யூ இல்லையே! இங்கிலாந்து ஒரு விக்கெட்டில் ஜெயித்தது. அன்று அம்பயரோடு சேர்த்து ஆஸ்திரேலியக் கேப்டன் டிம் பெய்னையும் பிடித்துக்கொண்டார்கள்.

டென்னிஸ்காரர்கள் ஒரு படி மேலே போனார்கள். 2025ல் விம்பிள்டன், கோட்டோரம் குனிந்து நின்று "அவுட்" என்று கத்துபவர்களை மொத்தமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டு மெஷினை உட்காரவைத்தது. வீராங்கனை பாவ்ல்யுசென்கோவா ஆடிய ஆட்டத்தில் எதிராளியின் பந்து கோட்டைத் தாண்டி விழுந்தது. மெஷின் வாய் திறக்கவில்லை. விசாரித்தால், அந்தப் பக்கத்தில் யாரோ தவறுதலாக அதை அணைத்துவைத்திருக்கிறார்கள். பாயிண்ட்டை மறுபடி ஆடச் சொன்னார் நடுவர். அந்த கேமைப் பறிகொடுத்த பாவ்ல்யுசென்கோவா, மேட்சை ஜெயித்துவிட்டார். மன்னிப்புக் கேட்டது விம்பிள்டன் கிளப், மெஷின் கேட்கவில்லை.

மனிதத் தவறை ஒழிக்க மெஷின் வாங்கி, அதன் சுவிட்சை மனிதன் கையில் கொடுத்திருக்கிறோம். நாளைக்கு அந்த சுவிட்சையும் பிடுங்கிவிடுவார்கள். எல்லா முடிவும் மில்லிமீட்டர் சுத்தமாக இருக்கும். அதன் பிறகு 285 ரன்னில் தோற்றால், நாம் மோசமாக ஆடினோம் என்று ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்காது. அந்த அளவுக்கு விஞ்ஞானம் வளரத்தான் வேண்டுமா என்று பெரியப்பா கேட்கிறார்.